வெடிச்சா அவுட்

ஓய்வு பெற்ற கணினி ஆசிரியன் ஒருவன் அனுபவம் சொல்ல வந்துவிட்டான் என்றதும் புதிதாக வேலைக்கு வந்த ஆசிரியர்களான உங்களில் பாதிப் பேர் செல்போனை எடுத்திருப்பீர்கள். எடுத்துக்கொள்ளுங்கள், எனக்குக் கோபமில்லை. புதிதாகக் கணினிப் பாடத்துக்கு வந்த காலத்தில் நானும் இதைத்தான் செய்திருப்பேன். அப்போது கையில் செல்போன் இல்லை என்பதால் நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான்.

எந்த மென்பொருளை வைத்துக் கேம் செய்ய வேண்டும், எந்த ஒயரை எங்கே மாட்ட வேண்டும் என்பதெல்லாம் பயிற்சியில் சொல்லிவிடுவார்கள். நான் அதற்குள் போகப் போவதில்லை. உங்களுக்கு வரப்போகும் தலைவலி வேறு இடத்திலிருந்து வரும். எனக்கு வந்த ஒரு பெரிய தலைவலியையும் அது தீர்ந்த பிற்பகலையும் பற்றி மட்டும் சொல்கிறேன்.

நான் கடைசியாக வேலை பார்த்தது சிவகாசியை ஒட்டிய திருத்தங்கல்லில் ஒரு அரசுப் பள்ளியில். பாடப் புத்தகத்தை வைத்துக்கொண்டு அட்டவணை போடுவது எப்படி என்று நான் ஆரம்பித்தால், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வகுப்பு மொத்தமும் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கும். ஒருநாள் வெறுத்துப்போய், "சரி, நாளையிலிருந்து கேம் செய்வோம்" என்றேன். அடுத்த நாள் பக்கத்து வகுப்புப் பிள்ளைகள்கூட ஜன்னலில் தொங்கினார்கள்.

நான் ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தேன். கேமை மட்டுமல்ல, அதை விளையாடும் பெட்டியையும் நீங்களே செய்ய வேண்டும் என்றேன். பொருட்காட்சியில் காசு போட்டு நின்றுகொண்டே விளையாடுவார்களே, அந்த மாதிரிப் பெட்டி. அட்டைப் பெட்டிக்கு எங்கள் ஊரில் பஞ்சமா? ஒடிந்த கீபோர்டுகளைப் பிரித்து, உள்ளே இருக்கும் சின்னப் பலகையிலிருந்து ஒயர் இழுத்து, பாட்டில் மூடியில் பொத்தான் செய்தார்கள். மேலே ஒட்ட பிரஸ்ஸிலிருந்து வேஸ்ட் ஷீட் வந்தது. கலர் தள்ளி விழுந்த வெடி லேபிள்கள். ஒரு மயிலுக்கு இரண்டு மூக்கு, ஒரு குழந்தையின் சிரிப்பு கன்னத்துக்கு வெளியே நிற்கும். அந்த மயிலைப் பார்த்துப் பார்த்து நான் சிரித்த சிரிப்புக்குக் கணக்கில்லை.

ஆரம்பத்தில் எனக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. பிள்ளை எங்காவது சிக்கிக்கொண்டால் உடனே மவுஸைப் பிடுங்கிச் சரி செய்துவிட்டு, "புரிஞ்சதா?" என்று கேட்பேன். அதுவும் தலையை ஆட்டும். எங்கள் கணக்கு டீச்சர், என் மகள் வயது இருக்கும், இதைக் கொஞ்ச நாள் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒருநாள் டீ குடிக்கும்போது, "சார், உங்க பிள்ளைகளுக்கு ஒண்ணு மட்டும் ரொம்ப நல்லா வருது" என்றார். நான் பெருமையாக, "என்னது?" என்றேன். "'சார் இங்க வாங்க'ன்னு கூப்பிடுறது. கையப் பின்னால கட்டிக்கிட்டு நின்னு பாருங்க, ஒரு வாரம்." எரிச்சலாக இருந்தது. ஆனால் கட்டிப் பார்த்தேன். அந்த வாரம்தான் அவர்கள் தாங்களாகவே ஒரு கேமை முதன்முதலாக ஓடவைத்தார்கள். அவர் மாறுதலில் போய்விட்டார். பெயரைச் சொன்னால் திட்டுவார்.

இனி என் கதைக்கு வருகிறேன். ஒன்பதாம் வகுப்பில் இரண்டு பெண்கள். மாரிச்செல்வியின் அம்மா பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்ப்பவர், காலையில் கம்பெனி வேனில் ஏறினால் சாயங்காலம்தான் வீடு. பர்வீனின் அப்பா சிவகாசியில் கடை வைத்திருப்பவர், சீசனில் பட்டாசு, மற்ற நாளில் காலண்டர், நோட்டு. இருவரும் ஒரே பெஞ்சு, ஒரே டிபன் பாக்ஸ். சேர்ந்து ஒரு கேம் செய்ய ஆரம்பித்தார்கள். பெயர் 'லோடு'. மேலிருந்து வெடிகள் ஒவ்வொன்றாக இறங்கும். விளையாடுகிறவர் அவற்றைத் தள்ளுவண்டியில் பிடித்து, லாரியில் ஏற்ற வேண்டும். வழியில் மின்னல் அடிக்கும், தீப்பொறி தெறிக்க இரும்புக் கரண்டி விழும், காம்பவுண்டுச் சுவருக்கு மேலே பீடிக்காரன் ஒருவன் அவ்வப்போது எட்டிப் பார்ப்பான்.

வெடி வெடிக்கிற காட்சியை பர்வீன் வரைந்தாள். சொன்னால் நம்பமாட்டீர்கள், அவ்வளவு அழகு. பச்சையும் சிவப்புமாகத் திரை முழுக்க விரியும். மாரிச்செல்வி அந்தக் காட்சி வந்ததும் கீழே பெரிய எழுத்தில் 'அவுட்' என்று போட்டு ஆட்டத்தை முடித்துவிட்டாள்.

சண்டை அங்கேதான் ஆரம்பித்தது.

"ஏட்டி, வெடின்னா வெடிக்கத்தானே செய்யும்? வெடிச்சா மார்க்கு போடு. வெடிக்கலைன்னா ஆளுக எங்க கடைக்கே திருப்பித் தூக்கிட்டு வந்து அத்தாவ ஏசுவாக."

"வெடிச்சா எப்பிடிட்டி மார்க்கு? வெடிச்சா அவுட்."

எனக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம். ஒரே சரக்கு. செய்கிற வீட்டில் அது வெடித்துவிடக் கூடாது, விற்கிற வீட்டில் அது வெடித்தே ஆக வேண்டும். வேறு எந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு இந்தச் சண்டை வரும்? தீர்ப்புச் சொல்லாமல் நகர்ந்துவிட்டேன். நீங்களே முடிவு செய்யுங்கள் என்றேன்.

பர்வீன் ஒரு முடிவு செய்தாள். படம் இவ்வளவு நன்றாக இருக்கிறது, சத்தமும் இருந்தால் மாரிச்செல்வி மனம் மாறிவிடுவாள் என்று நினைத்து, போன தீபாவளிக்கு அவளே பதிவு செய்து வைத்திருந்த நிஜ வெடிச் சத்தத்தை அதில் சேர்த்தாள். அன்றைக்கு ஆண்டு விழாவுக்காக மைக் செட் வந்து இறங்கியிருந்தது. அந்தப் பெரிய ஸ்பீக்கரில் மாட்டி, பொத்தானை அமுக்கினாள்.

பகலில் ஒரு வெடிச் சத்தம் கேட்டால் எங்கள் பக்கம் என்ன நடக்கும் என்று, வெளியூரிலிருந்து வந்திருப்பவர்களுக்குச் சொல்கிறேன். யாரும் பேச மாட்டார்கள். எல்லோரும் வெளியே வந்து எந்தத் திசையில் புகை என்று பார்ப்பார்கள். அந்தத் திசையில் யார் வீட்டு ஆள் வேலைக்குப் போயிருக்கிறார் என்று மனதுக்குள் ஒரு கணக்கு ஓடும். அன்றைக்கு எங்கள் பள்ளி மொத்தமும் வராந்தாவுக்கு வந்து வானத்தைப் பார்த்து நின்றது. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் அழ ஆரம்பித்தார்கள். தலைமையாசிரியை அதே மைக்கைப் பிடித்து, "ஒண்ணுமில்ல, கம்ப்யூட்டர் விளையாட்டு, எல்லாரும் உள்ள போங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பர்வீன் ஒரு மூலையில் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

ஆனால் செய்தி அதற்குள் காம்பவுண்டைத் தாண்டிவிட்டது. கம்பெனிக்குள் செல்போன் கொண்டுபோக முடியாது. யாரோ கம்பெனி வாசல் காவலாளியிடம் சொல்லி, அங்கிருந்து உள்ளே போய்ச் சேரும்போது, 'பள்ளிக்கூடத்துல வெடிச்சிருச்சாம்' என்று ஆகியிருந்தது. மாரிச்செல்வியின் அம்மா ஆட்டோ பிடித்து வந்து இறங்கினார். கையைக்கூடக் கழுவவில்லை, முழங்கை வரை வெடிமருந்தின் வெள்ளிப் பொடி. மகளை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

"அங்கன ஒரு சத்தம் வந்துறக் கூடாதேன்னு உசுரக் கையில பிடிச்சிக்கிட்டு நாங்க வேல பாக்கோம். இங்கன நீங்க அந்தச் சத்தத்தை உண்டாக்கி விளையாடுறீகளா சார்? படிச்சவுக செய்ற வேலையா இது?"

அவர் கேட்டதில் எதைத் தப்பு என்று சொல்வது?

மறு வாரமே மனு போனது. கேம் என்ற பெயரில் பிள்ளைகள் கெடுகிறார்கள், இதை நிறுத்த வேண்டும் என்று பெற்றோர்கள் பலர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள், முதல் கையெழுத்து மாரிச்செல்வியின் அம்மாவுடையது. விசாரிக்க சூலக்கரையில் இருக்கும் மாவட்ட அலுவலகத்திலிருந்து ஒரு அதிகாரி வருவார் என்றும், அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் கேம் வகுப்புக்கு மூடுவிழாதான் என்றும் தலைமையாசிரியை சொன்னார். பெட்டிகளெல்லாம் எடைக்குப் போய்விடும். மாரிச்செல்வி வீட்டில் கணினி கிடையாது. அந்த அறை போனால் அவளுடைய 'லோடு' போனது. இதற்கிடையில் அந்த இரண்டு பெண்களும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். ஒரே பெஞ்சு, நடுவில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். டிபன் பாக்ஸும் தனித்தனி ஆகிவிட்டது.

விசாரணை நாள் வந்தது. அதிகாரி கோயம்புத்தூர்க்காரர், என்னைவிட இளையவர், மாவட்டத்துக்கு வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. மனுக் கொடுத்தவர்கள் ஒரு பக்கம், நானும் தலைமையாசிரியையும் ஒரு பக்கம், பிள்ளைகள் சுவரோரம். அவர் யாரையும் பேசவிடவில்லை. "மொதல்ல நான் வெளையாடிப் பார்த்துர்றேங்க. எல்லாப் பிரச்சினையும் இந்தக் கேம்லதானுங்களே?" என்று சொல்லி, மயில் ஒட்டிய பெட்டிக்கு முன்னால் போய் நின்றார்.

வெடிகள் இறங்கின. மனிதர் நேராக வண்டியைத் தள்ளிக்கொண்டு பீடிக்காரனிடம் போனார். திரை முழுக்கப் பச்சை, சிவப்பு. சத்தத்தை நாங்கள் எடுத்துவிட்டிருந்தோம். அவர் முகம் மலர்ந்தது. கீழே 'அவுட்' என்று வந்தது. மறுபடி ஆடினார். இந்தத் தடவை மின்னலுக்கு அடியில் கொண்டுபோய் வேண்டுமென்றே நிறுத்தினார். 'அவுட்'. இன்னொரு தடவை. 'அவுட்'.

"ஏங்க சார், இத்தனை வெடிச்சும் ஒரு மார்க்குக்கூட ஏறலைங்களே. புரோகிராமுல ஏதோ தப்பு இருக்குங்க போல."

மனுக் கொடுத்தவர்கள் பக்கம் ஒரு முணுமுணுப்பு. தலைமையாசிரியை என் அருகே ஒதுங்கி வந்து, "சார், வெடிச்சா மார்க்குன்னு மாத்திருங்க. ஒரு நிமிஷ வேலைதானே? அவரு சந்தோஷமாப் போயிருவாரு" என்று காதோடு சொன்னார்.

ஒரு நிமிடம்கூட ஆகாது. ஒரே வரி. அதிகாரி டீயை வாங்கிக் குடித்துவிட்டுத் திரும்புவதற்குள் முடித்திருப்பேன். அறை தப்பித்திருக்கும், கேம் தப்பித்திருக்கும். தம்பி, தங்கை, உங்களுக்கும் இப்படி ஒரு நிமிடம் வரும். மேலதிகாரி நிற்பார், சரிசெய்ய வேண்டியது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும், எல்லோருடைய கண்ணும் உங்கள் மேல் இருக்கும். அப்போது கொள்கை கிள்கை எதுவும் ஞாபகத்துக்கு வராது. எனக்கும் வரவில்லை. நான் மாரிச்செல்வியைப் பார்த்தேன். அவள் அதிகாரியைப் பார்க்கவில்லை, அவளுடைய அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த அம்மா கண்ணெதிரில், வெடித்தால் மார்க்கு என்று நான் எப்படி மாற்றுவேன்? கையை இன்னும் இறுக்கிப் பின்னால் கட்டிக்கொண்டேன். "செஞ்சது மாரிச்செல்வி சார். தப்பான்னு அவளையே கேளுங்க" என்றேன். தலைமையாசிரியை என்னைப் பார்த்த பார்வையில் என் ஓய்வூதியமே ஆட்டம் கண்டது.

மாரிச்செல்வி இரண்டடி முன்னால் வந்தாள்.

"தப்பு இல்ல சார். நீங்க நிக்கிறது கம்பெனி. கம்பெனிக்குள்ள வெடிச்சா எப்பிடி சார் மார்க்கு?"

அதிகாரி பொத்தானிலிருந்து கையை எடுத்தார். மனுக் கொடுத்தவர்கள் கூட்டத்திலிருந்து மாரிச்செல்வியின் அம்மா மெதுவாக எழுந்து வந்து திரையைப் பார்த்தார். அதுவரை அவர் அந்த விளையாட்டைப் பார்த்ததே இல்லை. மகள் வெடி வெடித்து விளையாடுகிறாள் என்றுதான் நினைத்திருந்தார்.

"இது... நாங்க சரக்கு காயவைக்கிற இடம்லா?" என்றார். "இவன் யாரு, பீடியோட? இவன யாரு உள்ள விட்டா?"

அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி பாப்பா, எனக்குப் புரிஞ்சுது. அப்பறம் இந்த வெடி எப்பத்தான் வெடிக்கும்? வெடிக்கறதுக்குத்தான செய்யறீங்க?"

மாரிச்செல்வி யோசித்தது லாரி கிளம்புகிற வரைக்கும்தான். சுவரோரத்திலிருந்து பர்வீனின் குரல் வந்தது.

"எங்க கடையில வாங்கிட்டுப் போயி, அவுகவுக வீட்டு வாசல்ல வெடிக்கும் சார். நான் அத செஞ்சு வச்சிருக்கேன். அந்தக் கம்ப்யூட்டர்ல கெடக்கு."

எனக்கே அது தெரியாது. சண்டை போட்ட பிறகு தனியாக உட்கார்ந்து கடைத்தெருவும் வீடுகளும் வரைந்து, இரண்டாவது பாகமாகச் செய்து வைத்திருக்கிறாள்.

"அதை ஏன் இதோட சேர்க்கலைங்க?" என்று அதிகாரி கேட்டார். இருவரும் தரையைப் பார்த்தார்கள். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "சேருங்க. நான் டீ குடிச்சுட்டு இருக்கறேன்."

சேர்த்தார்கள். ஓட்டினார்கள். கம்பெனியிலிருந்து லாரி கிளம்பியது, கடைத்தெரு வந்தது, கடை காலியாக இருந்தது. ஒரு வெடிகூட வந்து சேரவில்லை. என்ன தப்பு என்று எனக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. நாக்கு நுனியில் நிற்கிறது. சொல்லாமல் இருப்பது இருக்கிறதே, அது தும்மலை அடக்குவதைவிடக் கஷ்டம்.

"நீ லோடு அனுப்பவே இல்லட்டி" என்றாள் பர்வீன். பல நாளுக்குப் பிறகு அவள் மாரிச்செல்வியிடம் பேசிய முதல் வாக்கியம் அது.

"நான் அனுப்பிட்டேன். எம்புட்டுப் பொட்டி ஏத்தியிருக்குன்னு இங்கன வருது பாரு. நீதான் எறக்கல."

"எங்கிட்ட ஒண்ணும் வரலையே. எத எறக்க?"

"நீ கேட்டாத்தானே வரும்? ஒன் கடை எங்கிட்டக் கேக்கவே இல்லையே."

பர்வீன் திரையை உற்றுப் பார்த்தாள். தலையில் அடித்துக்கொண்டாள். "ஆமாட்டி, ஆர்டர் போடாம லோடு எப்பிடி வரும்?" இருவரும் சிரித்துவிட்டார்கள். ஒரு பாகம் வைத்திருக்கிற எண்ணிக்கையை இன்னொரு பாகம் கேட்டு வாங்க வேண்டும் என்பதை நான் கரும்பலகையில் எத்தனையோ தடவை அம்புக்குறி போட்டு விளக்கியிருக்கிறேன். ஒருத்தருக்கும் ஏறியதில்லை. அன்றைக்கு அந்த அறையில் இருந்த அத்தனை பிள்ளைகளுக்கும் ஏறியது.

கேம் தயார். அதிகாரி எழுந்து வந்தார், ஆனால் பெட்டிக்கு முன்னால் மாரிச்செல்வியின் அம்மா நின்றுகொண்டிருந்தார். "அக்கா, நீங்க ஆடுங்க" என்று விலகிக்கொண்டார்.

அந்த அம்மா ஆடின ஆட்டத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வண்டியை எப்படி நகர்த்துவது என்றே முதலில் தெரியவில்லை, சுவரில் போய் முட்டிக்கொண்டு நின்றார். "லெஃப்ட்டுங்க அக்கா, லெஃப்ட்டு!" என்று அதிகாரி கத்துகிறார். மின்னல் அடித்தால் வண்டியை அப்படியே நிறுத்திவிட்டு, வானம் முழுசாக வெளுக்கிற வரைக்கும் அசையமாட்டார். பீடிக்காரன் தலை தெரிந்ததும், "ஏலே, பீடிய அணைலே மொத! ஒனக்கு அறிவிருக்கா?" என்று திரையைப் பார்த்து ஒரு அதட்டல். மனுக் கொடுத்த மற்றவர்களும் பெட்டியைச் சுற்றிக் கூடிவிட்டார்கள். ஒவ்வொரு வெடியும் லாரியில் ஏறும்போது ஒரு பெருமூச்சு. பள்ளி மணி அடித்தது, ஒருவரும் நகரவில்லை.

கடைசியில் லாரி கிளம்பியது. கடைத்தெரு வந்தது, சரக்கு இறங்கியது, ஒரு வீட்டு வாசலில் வெடி தயாராக நின்றது. 'சிவப்புப் பொத்தானை அமுக்கவும்' என்று வந்தது.

அந்த அம்மா கையை எடுத்துவிட்டார்.

"எனக்கு வேண்டாம். நீயே அமுக்கு தாயி."

"யம்மா, இது கம்பெனி இல்லம்மா. ரோடு. இங்கன வெடிக்கலாம்."

"எனக்கு அந்தச் சத்தம் ஆகாது. நான் கைல தீக்குச்சி எடுத்து வெடி போட்டதே இல்ல சார்" என்று அதிகாரியிடம் சொன்னார். "தீபாவளிக்குக்கூட. எங்க வீட்ல ஒருத்தருக்கும் அந்த ஆச வராது."

பர்வீன் பக்கத்தில் வந்து, "அமுக்குங்கம்மா. நா அந்தச் சத்தத்த எடுத்துட்டேன். சத்தியமா" என்றாள்.

அவர் ஒரு காதைத் தோளில் அழுத்தி, மறு காதை உள்ளங்கையால் பொத்தி, கண்ணை இறுக மூடிக்கொண்டு அமுக்கினார். திரை பச்சையும் சிவப்புமாக விரிந்தது. ஸ்பீக்கரிலிருந்து, வாயாலேயே செய்த, மூச்சு வாங்குகிற, சிரிப்பை அடக்க முடியாத பர்வீனின் குரல் வந்தது. "டுஷ்ஷ்ஷ்... டம்டம்டம்... டமாஆஆர்!"

அந்த அம்மா ஒரு கண்ணைத் திறந்தார். பிறகு மறு கண்ணை. திரையைப் பார்த்தார், பர்வீனைப் பார்த்தார். வெடித்துக் கிளம்பிய சிரிப்பில் அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர் சிரித்ததும் அறையே சிரித்தது, தலைமையாசிரியை உட்பட.

கொஞ்ச நேரம் கழித்து அதிகாரி மனுவை எடுத்து விரித்தார். "ஏனுங்க அக்கா, மொத கையெழுத்து உங்களுதுங்க. இதுக்கு நான் என்ன பதில் எழுதட்டுங்க?"

அந்த அம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கை மறுபடியும் பொத்தான் மேல் போயிருந்தது.

"அது கெடக்கட்டும் சார். இன்னொரு லோடு விடச் சொல்லுங்க. அந்த பீடிக்காரப் பயல நான் ஒரு கை பாத்துக்கிடுதேன்."